மரச்சட்டத்தில் தறி கட்டிய நாவ் முபோ

அந்தச் சனிக்கிழமை எங்கள் கோயில் ஹோலில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பிளவுஸ் தைக்கும் ரெஜினா அக்கா இருந்தார். ஹோல் கதவின் திறப்பை வைத்திருக்கும் மரியதாஸ் அண்ணை இருந்தார். பர்மாவின் கரேன் இனத்துப் பெண்கள் ஐந்து பேர் தறியில் இருந்தார்கள். அவர்களில் ஒருவரின் கைக்குழந்தை தள்ளுவண்டியில் நித்திரை. நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். இவ்வளவு பேர்தான். அவர்களுக்கு அந்த இடத்தைத் தேடித் தந்த நாவ் முபோ இருக்கவில்லை. அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். அடுத்த கிழமை வந்துவிடுவார் என்றே எல்லோரும் நினைத்திருந்தோம்.

ரெஜினா அக்காவின் போன் அடித்தது. முபோவின் மகள் வாவா. "சொல்லு பிள்ளை" என்றார் ரெஜினா அக்கா. பிறகு போனைக் காதில் வைத்தபடியே எங்களைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. ஐந்து பெண்களும் ஒருவர் பின் ஒருவராக முன்னுக்குச் சாய்ந்தார்கள். விறைப்பாக நின்ற நூல்கள் எல்லாம் தொய்ந்து அவர்களின் மடியில் விழுந்தன.

அந்தத் தறியைப் பார்க்காதவர்களுக்கு இது விளங்காது. அதற்குக் கால் இல்லை, சட்டகம் இல்லை. நூலின் ஒரு முனையைச் சுவரில் கட்டுவார்கள். மறுமுனை நெய்பவரின் இடுப்பைச் சுற்றிய பட்டையில் இருக்கும். நிலத்தில் கால் நீட்டி இருந்து, பின்னுக்குச் சாய்ந்தால் நூல் இறுகும். முன்னுக்கு வந்தால் தளரும். தறியில் பாதி ஆள்தான். ஆள் எழும்பினால் மிச்சத்தைப் பாய்போலச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறலாம்.

மரியதாஸ் அண்ணை அன்று எதற்கு வந்திருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஹோலைத் திருத்தப் போகிறார்கள். பின்சுவரில் இருக்கும், கோட் கொளுவும் நீளமான மரச்சட்டத்தைக் கழற்றி, சுவரைப் பூசி, சில்லு வைத்த ஸ்டாண்ட் வாங்குவதாகத் திட்டம். தறிகளை எல்லாம் அந்தச் சட்டத்தில்தான் கட்டுகிறார்கள். அது போனால் சனிக்கிழமை நெசவு இல்லை. அதை அளக்கத்தான் அவர் டேப்போடு வந்திருந்தார். செய்தி கேட்டதும் டேப்பைச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, எங்களோடு முழந்தாளிட்டார். செபமாலையின் முதல் பாதியை நாங்கள் தமிழில் சொன்னோம், மறுபாதியை அவர்கள் கரேனில் சொன்னார்கள்.

முபோவை, நம் கோயிலுக்கு வரும் உங்களில் பலர் அப்டன் பார்க்கில், கிறீன் ஸ்ட்ரீட் மீன்கடையில்தான் முதலில் கண்டிருப்பீர்கள். முழங்கால்வரை ரப்பர் சப்பாத்து, நீல ஏப்ரன், கையில் கத்தி. கடை நம்மவருடையது; அங்கே வேலை செய்துதான் அவர் தமிழ் பழகினார். அதனால் அவருடைய தமிழ் முழுக்க மீன்கடைத் தமிழ். "தலை வேணுமோ அக்கா? துண்டு பெரிசோ, சின்னனோ?" என்று அவர் கேட்கும்போது கண்ணை மூடிக்கொண்டு நின்றால் மன்னார்ச் சந்தையில் நிற்பதுபோல இருக்கும். நல்ல நூலைக்கூட, அன்று பிடித்த மீனை 'உடன் மீன்' என்பதுபோல, அவர் 'உடன் நூல்' என்றுதான் சொல்லுவார்.

ஒரு ஞாயிறு பூசையில் எனக்கு முன் வாங்கில் ஒரு பெண், கறுப்புத் துணியில் வெள்ளை முத்து முத்தாகத் தைத்த சட்டையோடு இருந்தார். சமாதானம் சொல்லும் நேரம் திரும்பி என் கையைப் பிடித்தவர், "ஐயோ, விளைமீன் அக்கா!" என்றார். நான் வழக்கமாக வாங்கும் மீன் அது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நற்கருணை வாங்கப் போகிற நேரத்தில் சிரித்தபடி நின்றதற்கு ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

பூசை முடிந்ததும் அந்தச் சட்டையைத் தொட்டுப் பார்த்தேன். முத்து என்று நான் நினைத்தது ஒரு புல்லின் விதை. நடுவில் துளை இயற்கையாகவே இருக்கிறது. ஊசியைக் கோத்தால் போதும். கலியாணமாகாத பெண்கள் கால்வரை நீண்ட வெள்ளை உடுப்புப் போடுவார்களாம். கலியாணம் முடிந்தால்தான் இப்படிச் சட்டையும் பாவாடையும், இவ்வளவு நிறமும் வேலைப்பாடும்.

"அப்ப கலியாணத்துக்குப் பிறகுதான் வடிவான உடுப்பு" என்றேன்.

"ஓம் அக்கா. எங்கட ஆக்கள் கெட்டிக்காரர். நீங்கள் ஒரு நாள் கூறை உடுப்பியள், பிறகு அலுமாரியில பூட்டி வைப்பியள்."

இதெல்லாம் தாயிடம் படித்ததா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார். "ஊரில நான் நெய்யேல்லை. மரம் ஏறித் திரிஞ்சன். பிறகு தாய்லாந்து முகாம். அங்க பக்கத்துக் குடில் மனிசி நெய்யும். என்ர வயசுதான். எல்லாரும் அவவின்ர துணி வடிவு, வடிவு எண்டு சொல்லுவினம். எனக்குப் பொறாமை. பொறாமையிலதான் படிச்சன்." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வெட்கம் என்பது துளியும் இல்லை.

அவரும் வாவாவும் குடியிருந்த பிளாட்டில் சுவர்கள் அட்டைச் சுவர்கள். ஒரு ஆணியும் அடிக்க ஏலாது. அதனால் தறியை ஹீட்டர் குழாயில் கட்டி நெய்துகொண்டிருந்தார். ஒரு நாள் அவர் பின்னுக்குச் சாய, குழாய் அவரோடு சேர்ந்து வந்துவிட்டது. கீழ்வீட்டுக்காரரின் கட்டில் நனைந்து, அவர்கள் ஏறி வந்து சத்தம் போட்டு, வீட்டு ஏஜென்ட் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பி, பெரிய கரைச்சல். மறுநாள் மீன் வெட்டிக்கொண்டே என்னைக் கேட்டார்: "அக்கா, கோயில் ஹோலில இழுத்துக் கட்ட ஓரிடம் இருக்கோ?"

ஹோல் தேத்தண்ணிப் பொறுப்பும் அதன் வரவுசெலவும் என்னிடம் இருந்ததால், மரியதாஸ் அண்ணையிடம் திறப்பு வாங்கிக்கொண்டு அவரைக் கூட்டிப் போனேன். முபோ ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். மேசை வழுக்கியது. கதவுப்பிடி ஆடியது. கடைசியில் பின்சுவரில் கோட் கொளுவும் சட்டத்தில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தன் இடுப்பில் கட்டி, முழுப் பாரத்தையும் போட்டுப் பின்னுக்குச் சாய்ந்தார். அந்த நேரம் பார்த்து மரியதாஸ் அண்ணை உள்ளே வந்தார்.

"என்ன பிள்ளை, சுவரைக் கழட்டிக்கொண்டு போகப் போறியளோ?"

"அண்ணை, இது ஆர் அடிச்சது?"

"அது முந்தி இருந்த ஐரிஷ் சனம் அடிச்சது. எங்களுக்கு முதலே."

"நல்ல சனம்" என்றார் முபோ, இன்னும் சாய்ந்தபடியே. "கோட்டுக்கு இவ்வளவு பலம் தேவையில்லை. எனக்குத்தான் அடிச்சிருக்கினம்."

அன்றிலிருந்து சனி பின்னேரங்களில் அவர் வந்தார். தனியாகத்தான். பிறகு அவருக்குத் தெரிந்த ஒருத்தி ஸ்ட்ரெதமிலிருந்து வந்தாள். அவள் இன்னொருத்தியைக் கூட்டி வந்தாள். எல்லோர் வீட்டிலும் அதே அட்டைச் சுவர். பெரிய இடம் வேண்டாமா, கவுன்சிலில் கேட்டுப் பார்ப்போமா என்று நான் அவரிடம் கேட்டிருக்கிறேன். "ஓரிடம் காணும் அக்கா, வேற வேண்டாம். ஒரு பக்கம் சுவர், மற்றப் பக்கம் நான்" என்பார்.

ஒருமுறை என்னையும் பட்டைக்குள் இருத்தினார். என் முதுகு பட்ட பாடு எனக்கும் கர்த்தருக்கும்தான் தெரியும். ஒரு சாண் நெய்ததும், அதன்மேல் விரலை ஓட்டிக்கொண்டு வந்தார். ஹோல் வரவுசெலவு பார்ப்பதால் நான் அப்போது அவருக்குக் 'கணக்கு அக்கா'.

"கணக்கு அக்கா, இஞ்ச பாருங்கோ. இதில இருமினீங்கள். இதில ரெஜினாக்கா பகிடி விட்டவா, நீங்கள் சிரிச்சியள், துணி தொளதொளத்துப் போச்சு. இதில..." விரல் நின்றது. "இதில நல்ல இறுக்கம். ஆரோட கோவம்?"

அன்று காலை வீட்டில் ஒரு சண்டை. நான் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை. "வீட்டில" என்றேன் மெல்ல.

"அவரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. இடுப்பில கட்டி விடுவம், எல்லாம் நேராகும்."

பிரித்துவிட்டுத் திரும்ப நெய்யட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். "பிரிச்சால் இது உங்கட துணி எண்டு எப்பிடித் தெரியும்?" எனக்கு அது மிகவும் ஆறுதலாக இருந்தது. செபமாலை சொல்லும்போது பராக்கு வந்த மணிகளையும் தேவதாய் சேர்த்துத்தான் ஏற்றுக்கொள்கிறார் என்று நான் எப்போதும் நம்பியிருக்கிறேன்.

ரெஜினா அக்காவின் கத்தரிக்கோல் விஷயத்தை எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "எழுது, எழுது. அவ இருந்திருந்தால் அவவே மைக்கில சொல்லியிருப்பா" என்றார். ஆகவே எழுதுகிறேன்.

முபோவின் அக்கா மகனுக்கு எங்கள் கோயிலில் கலியாணம். மாப்பிள்ளைக்கான சிவப்பு மேற்சட்டையை முபோ நெய்து முடித்து, ஓரங்களுக்கு மெஷின் தையல் போட ரெஜினா அக்காவிடம் கொடுத்திருந்தார். கலியாணத்துக்கு முதல் நாள் பெடியன் ரெஜினா அக்கா வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பார்த்தான். தலை பாதி போனதும் காது இரண்டும் மாட்டிக்கொண்டன. ரெஜினா அக்கா எத்தனையோ பிளவுஸ் கழுத்து வெட்டியவர். "பாவம் பெடியன், கழுத்துச் சின்னனாய்க் கிடக்கு" என்று சொல்லி, சோக்கால் வட்டம் கீறி, ஒரே வெட்டில் வடிவான உருண்டைக் கழுத்து எடுத்துவிட்டார். எடுத்த கையோடு பெருமையாக ஹோலுக்கும் கொண்டுவந்து காட்டினார்.

ஹோலில் இருந்த பெண்களின் முகங்கள் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன. கரேன் உடுப்புக்குக் கத்தரிக்கோல் வைப்பதே இல்லை. தறியிலிருந்து வந்த இரண்டு நீளத் துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடுவில் மூட்டுவார்கள். மூட்டாமல் விடும் இடம்தான் கழுத்து. தலை போகாவிட்டால் இரண்டு தையலைப் பிரித்தால் போதும். வெட்டினால், வெட்டிய இடத்திலிருந்து நூல் உருவிக்கொண்டே போகும். அது எங்கள் கண் முன்னாலேயே உருவத் தொடங்கியிருந்தது.

ரெஜினா அக்காவுக்கு விஷயம் விளங்கியதும் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். "இந்தக் கையாலயோ இப்பிடி ஒரு வேலை செய்தன்? நாளைக்குப் பெடியன் எதைப் போடுவான்?" என்று அழத் தொடங்கினார்.

முபோ சட்டையைத் தூக்கிப் பிடித்தார். வட்டத்துக்குள்ளால் எங்களைப் பார்த்தார். "ரெஜினாக்கா, வெட்டு வேலை மீன்கடையில எனக்கு. நீங்கள் ஏன் என்ர வேலையை எடுத்தனீங்கள்?"

அழுகைக்கு நடுவில் ரெஜினா அக்கா சிரித்துவிட்டார். முபோ தையலை எல்லாம் பிரித்து, இரண்டு துண்டுகளையும் நிலத்தில் விரித்தார். கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடதுபக்கத் துண்டைத் தூக்கி வலதுபக்கம் வைத்தார். வலதை இடதுபக்கம் வைத்தார். அவ்வளவுதான். நடுவில் இருந்த வெட்டு இரண்டு தோள்பக்கமும் போய்விட்டது. நடுவில் வெட்டுப்படாத நேர் ஓரங்கள் வந்துவிட்டன.

"இப்ப கழுத்து நல்லது. தோளில ஓட்டை" என்றார். "ஓட்டை உங்கட வேலை, ரெஜினாக்கா."

ரெஜினா அக்கா தோள்பக்க ஓரங்களை நூல் உருவாதபடி நெருக்கமாகத் தைத்துக் கட்டினார். முபோ அதன்மேல் சிவப்பு நூலில் நீளமான குஞ்சங்கள் வைத்தார். மாப்பிள்ளை கையைத் தூக்கும்போதெல்லாம் அவை ஆடின. விருந்தில் கரேன் பெரியவர் ஒருவர் அந்தத் தோளைக் காட்டி, இது எங்கள் வழக்கத்தில் இல்லையே என்று முகம் சுளித்தாராம். "நேற்று எங்களிட்ட இல்லை. இண்டைக்கு இருக்கு" என்று முபோ சொன்னதாக வாவா எங்களுக்குச் சொன்னாள். அடுத்த கலியாணத்துக்கு வந்த பெடியன்கள் எல்லோரும் தோளில் குஞ்சம் வேண்டும் என்று கேட்டார்கள். ரெஜினா அக்கா இப்போது சனிக்கிழமைகளில் அதற்கென்றே வருகிறார். கத்தரிக்கோல் இல்லாமல்.

சட்டத்தைக் கழற்றப் போகிறார்கள் என்ற அறிவித்தல் வந்தபோது முபோவுக்கு உடம்பு வருத்தம் தொடங்கவில்லை. தொடங்கியிருந்தாலும் எங்களுக்குத் தெரியாது. அவர் மரியதாஸ் அண்ணையை ஹோலுக்கு வரச் சொன்னார்.

"வேற எதிலயும் கட்டலாம்தானே பிள்ளை? மேசைக்கால் கிடக்கு" என்றார் அண்ணை.

"சரி. சட்டத்தைக் கழட்டியாச்சு எண்டு நினைப்பம். நீங்கள் இதைப் பிடியுங்கோ." நூல் கோத்த சுவர்ப்பக்கத் தடியைச் சட்டத்திலிருந்து அவிழ்த்து அவர் கையில் கொடுத்துவிட்டு, முபோ பட்டைக்குள் இருந்து நெய்யத் தொடங்கினார். அண்ணை தடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணை, இப்ப நீங்கள்தான் சுவர். சுவர் ஆடாது."

"மூக்குக் கடிக்குது பிள்ளை, சொறிய வேணும்."

"சுவருக்கு மூக்கு இல்லை."

அவருடைய போன் அடித்தது. "சுவருக்கு போனும் இல்லை" என்றார் ரெஜினா அக்கா மூலையிலிருந்து. அண்ணை சிரிப்பில் பிடியை விட, முபோ பட்டை, துணி, நூல் எல்லாவற்றோடும் மல்லாக்க விழுந்து, விழுந்த இடத்திலேயே கிடந்து சிரித்தார். கையை உதறிக்கொண்டு அண்ணை சொன்னார்: "ஏலாது பிள்ளை, உண்மையாய் ஏலாது. ஃபாதரோடயும் கமிட்டியோடயும் கதைக்கிறன்." கதைத்தும் இருக்கிறார். ஆனால் முடிவு என்று ஒன்று இன்னும் வரவில்லை. அதற்குள் முபோ ஆஸ்பத்திரிக்குப் போனார். நான் பார்க்கப் போனபோது, சாப்பாடு எப்படி, டொக்டர் என்ன சொன்னார் என்று நான் கேட்க, அவர் என்னைக் கேட்டது ஒன்றே ஒன்று: "சட்டம் இருக்குமோ அக்கா?" தெரியாது என்றுதான் சொல்ல முடிந்தது. அந்தக் கட்டிலருகே நின்று பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த வெள்ளை விதைச் சட்டையோடுதான் அவரை அடக்கம் செய்தோம். மீன்கடை முதலாளி கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். கோயில் நிறையச் சனம்.

அடுத்த சனிக்கிழமை ஒருவரும் வரமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே ஹோலைத் திறந்தேன். கேத்தலில் அரைவாசிதான் தண்ணீர் வைத்தேன். முதலில் அந்த ஐந்து பேரும் வந்தார்கள். பிறகு வாவா தாயின் பையோடு வந்தாள். பல் வைத்தியரிடம் வேலை செய்யும் பிள்ளை. தறிப்பக்கம் வந்தவளே அல்ல. "ஆன்ரி, எந்த முனை சுவருக்கு எண்டுகூட எனக்குத் தெரியாது" என்றாள் ஆங்கிலத்தில். வரும்போது சும்மா வரவில்லை. செத்தவீட்டில் கண்டவர்களை எல்லாம் ஒரு வாட்ஸப் குழுவில் சேர்த்திருந்தாள். சவுத்தாலிலிருந்து இரண்டு சகோதரிகள் வந்தார்கள். தோளில் குஞ்சம் வைத்துக் கலியாணம் செய்த அதே மாப்பிள்ளை மனைவியோடு வந்து, தனக்கும் ஒரு பட்டை தரச் சொன்னான். ஆண்கள் வழக்கமாக நெய்வதில்லையாம். பெண்கள் அவனை நன்றாகப் பகிடி பண்ணினார்கள்; பண்ணிக்கொண்டே பட்டையையும் கட்டிவிட்டார்கள். கேத்தலைத் திரும்ப நிரப்ப வேண்டியதாயிற்று. சட்டத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தறி. கோட்டுகளை எல்லாம் கதிரைகளில் குவித்தோம். ரெஜினா அக்கா என் காதுக்குள், "இனி இந்தச் சட்டத்தின்ர நீளமும் காணாது போல" என்றார்.

முபோவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது இதுதான். மீன்கடையில் சனிக்கிழமைதான் கூட்டம் அதிகம். அந்தப் பின்னேரத்தில் அவருக்கு எப்படி லீவு கிடைத்தது என்று ஒருமுறை கேட்டேன். "கேட்டிட்டுப் போனால் முதலாளி மறந்துபோவார். அதால கேட்டிட்டு அதிலயே நிண்டன். கோவிக்கவும் இல்லை, போகவும் இல்லை. சிரிச்சுக்கொண்டு நிண்டன்" என்றார். நான் எதையும் நேரே கேட்டுப் பழகாதவள். செபத்தில் கேட்பேன்; மனிதரிடம் கேட்க வாய் வராது. இப்போது கேட்கிறேன்.

ஹோல் கமிட்டி அண்ணைமாரே, அக்காமாரே, ஃபாதர்: அந்த மரச்சட்டம் இருக்குமா? கழற்றத்தான் வேண்டும் என்றால், அதே சுவரில் அதே பலத்தில் வேறொன்று அடித்துத் தர ஏலுமா? வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் நான் தேத்தண்ணி மேசையடியில் நிற்பேன். வேலையாட்கள் வருவதற்கு முன்னம், ஓம் என்றோ இல்லை என்றோ, கெதியாக ஒரு மறுமொழி தாருங்கள்.